ஒரேயொரு துண்டுக்காரர்

ஒரேயொரு துண்டுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. வீட்டுப் பூனைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்று நீங்கள் விளக்கும்போது தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நீங்கள் அப்பால் திரும்பியதும் "ஒரேயொரு துண்டுதானே" என்று கொடுத்துவிடுபவர் அவர்தான். கெட்டவரா? சேச்சே. இளகிய மனம். அதுதான் வில்லங்கம்.

மோட்டார் பஸ் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த இலங்கையின் பெல்மதுளையில், மாணிக்கக்கல் வியாபாரி சாலி நானா இந்த இனத்தின் தலைவர். கல்லுக்குள் மயிரளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. ஆனால் ஒரு பூனை அண்ணாந்து பார்த்துவிட்டால் அந்தக் கண் கலங்கும், நெஞ்சு உருகும், கை தானாகக் கீழே இறங்கும்.

அன்று தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி கொடுக்கும் கடைக்கார முக்தார் வீட்டில் கந்தூரிச் சாப்பாடு. சகன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி, முக்தாரையும் சேர்த்து ஆறு பேர். கடை மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் சீனி என்ற பூனையும் பாயோரம் வந்து உட்கார்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்து முக்தாரின் மனைவி றஸ்மியா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"பூனைக்கு ஒண்டும் போட வாணாம். போன பூனை வெங்காயக் கறி திண்டு, ஈறு வெளுத்துத்தான் செத்துச்சு. மாட்டுக்கு மருந்து குடுக்குற வெதமாத்தயாவும் அப்பிடித்தான் சென்னார்."

"செல்லவும் வேணுமா தங்கச்சி," என்றார் சாலி நானா. மனதாரத்தான் சொன்னார்.

வலக்கை சோற்றில் இருந்தது. இடக்கைக்குத்தான் வேலை இல்லை. வெங்காயத்தில் வெந்த இறைச்சித் துண்டு ஒன்று கை மாறி, இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்போடு இறங்கி, சீனியிடம் போய்ச் சேர்ந்தது. நான் ஒருவன்தானே, துண்டு ஒன்றுதானே என்று நினைத்தார். மற்ற ஐவரும் அப்படியே நினைத்தார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருவதற்குள் சீனி சுருண்டு விழுந்து ஓங்கரித்தது. சாலி நானா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஓர் உயிரைக் கொன்றுவிட்டோமோ என்று பதறினார்.

"யாரு போட்ட?" என்று திரை கேட்டது.

ஆறு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கை கழுவத் தண்ணி வராது. எல்லார்ட இடது கையையும் பாருங்க," என்று கணவருக்கு உத்தரவு வந்தது.

முக்தார் பார்த்தார். சாப்பிடாத கைகளிலெல்லாம் குழம்பு. "அஞ்சு பேரும்தான்," என்றார்.

"ஆறாவது கை?"

முக்தார் தம் இடக்கையை மெதுவாகச் சாரத்தில் துடைத்தார்.

சீனி தின்றதையெல்லாம் கக்கிவிட்டது. ஆனாலும் மூன்று நாள் காலையும் மாலையும் சாலி நானா வந்து அதன் ஈறைப் பார்த்துவிட்டுப் போனார். நான்காம் நாள் அது எலியைத் துரத்தியது. அவருக்கு வந்த சந்தோசத்தில், "இனி ஒண்டும் தர மாட்டன்" என்று அங்கேயே கையடித்துச் சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணியது வலக்கை.

சிரிக்கிறீர்களா? சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறீர்கள் போலிருக்கிறது. புத்தகம் மடியில் இருக்கிறது, வலக்கை தட்டில் இருக்கிறது. இடக்கையைக் கொஞ்சம் மேலே எடுங்கள், பார்ப்போம்.