மெல்லும் சத்தம் என்னுடையது

மரியாதைக்குரிய என் சித்தி, டீட்டா எர்லிண்டா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் லீசல் மாடி அறையிலிருந்து பணிவுடன் எழுதுவது.

நீங்கள் பொய் சொன்னீர்கள். "வேலை நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டேன். "தினமும்" என்றீர்கள். ஒலிப்பதிவு இருக்கிறது.

இங்கே அனைவரும் நலம். நீங்களும் நலம் என்றுதான் சொல்வீர்கள், அதை நான் இனி நம்புவதாக இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதீர்கள். நேரில் எதைக் கேட்டாலும் "நீ சாப்ட்டியா?" என்று திருப்பிக் கேட்டுத் தட்டில் சோற்றைப் போட்டுவிடுகிறீர்கள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது.

என் அவமானம் அம்மா வைத்த விருந்திலேயே ஆரம்பித்துவிட்டது. நர்சிங் பட்டம் வாங்கிய கையோடு, ஒரு நாள்கூட வார்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்காமல், நேராக முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. இடம்தான் கிடைத்தது. அதற்குள் அம்மா முழுப் பன்றி ஒன்றை வறுக்கச் சொல்லி, கராஜ் கதவில் "வாழ்த்துகள் டாக்டர் லீசல்" என்று பேனர் கட்டிவிட்டாள். பட்டம் வாங்க இன்னும் பல வருடம் ஆகும் என்றேன். "அதெல்லாம் எழுத பேனர்ல எடம் இல்லடி" என்றாள். சர்ச் ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டு வலியோடு வந்தார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் டீட்டோ நெஸ்டோர் மாமா செருப்பைக் கழற்றி, நகம் கறுத்த கட்டைவிரலை என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"டாக்டரம்மா, இத கொஞ்சம் பாரு."

"டீட்டோ, நான் அந்த டாக்டர் இல்ல. ஆராய்ச்சி டாக்டர்."

"சரி, இந்த வெரல ஆராய்ச்சி பண்ணு."

"நர்சுங்களப் பத்தி ஆராய்ச்சி டீட்டோ."

"நர்சுங்களப் பத்தியா? இந்த வீட்ல நாயத் தவிர எல்லாருமே நர்சு. எங்களக் கேட்டா சொல்லப்போறோம். ஆமா, நீ எந்த வார்டுல வேல பாத்த?"

"இன்னும் பாக்கல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அப்போ பன்னியத் திருப்பிக் குடுத்துருவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அவ நம்மளப் பத்தி எழுதப்போறா, சும்மா இருங்க" என்றீர்கள். அந்த வார்த்தைக்காகத்தான் என் முதல் பேட்டியை உங்களிடமே எடுக்க வந்தேன். சொந்தக்காரர் சொல்வது கணக்கில் சேராது, ஒத்திகையாக வைத்துக்கொள் என்று பேராசிரியர் ஹாவர்காம்ப் அனுமதி கொடுத்திருந்தார்.

நர்சுகள் ஓய்வறையில் என்னை உட்கார வைத்து, ஒலிப்பதிவுக் கருவிக்குத் தெரியட்டும் என்பதுபோல டப்பாவைத் திறந்து, வினிகரில் வேகவைத்த அடோபோ கறியையும் சோற்றையும் காட்டிவிட்டு, "தினமும் ஒக்காந்து நல்லா சாப்பிடுறேன்" என்றீர்கள். வாசலில் உங்கள் தலைமை நர்ஸ் பெர்னடீன் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஏதாவது மரியாதையாகப் பேச வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"இன்னிக்கு வார்டு ரொம்ப அமைதியா இருக்கே."

டீட்டா, 'அமைதி' என்ற வார்த்தையை வார்டில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும் என்று நர்சுகள் நம்புவதை மூடநம்பிக்கை என்று கட்டுரை எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவளே நான்தான். பெர்னடீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "யாரு இவ? எர்லிண்டா, இவ வாய மூடு!" என்று கத்தினார். நீங்கள், "அக்கா பொண்ணு. நெறையப் படிச்சுட்டா, பாவம்" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் மணி அடித்தது, அடுத்த அறையில் அடித்தது, அதற்கடுத்த அறையிலும் அடித்தது, அவசரப் பிரிவிலிருந்து இரண்டு ஸ்ட்ரெச்சர் சேர்ந்தாற்போல வந்தன, ஒரு பெரியவர் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முதுகுப் பக்கம் திறந்த அங்கியோடு லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார். நீங்கள் முள்கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். நானும் ஓடினேன். பெர்னடீன் என்னை அந்தப் பெரியவர் கட்டிலருகே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "இவரு எந்திரிக்காமப் பாத்துக்க. வேற எதையும் தொடாத" என்றார்.

"நீ நர்சா?" என்று பெரியவர் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கு."

"அத நீயே வச்சுக்க. நர்சக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அவரும் மணியை அடித்தார்.

நீங்கள் வந்தீர்கள். என்னைப் போகச் சொன்னீர்கள். நான் ஓய்வறைக்குப் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே உங்கள் டப்பா திறந்தபடி இருந்தது. டீட்டா, நான் வளர்ந்ததே அந்த டப்பாவில்தான். பள்ளிவிட்டு வந்து உங்களுக்காகக் காத்திருப்பேன். சாயங்காலம் நீங்கள் தொடாமல் திருப்பிக் கொண்டுவரும் சோற்றை எனக்காகத்தான் வாங்கி வருகிறீர்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கை தானாகப் போய்விட்டது. கடைசிப் பருக்கைவரை தின்று தீர்த்த பிறகுதான் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அந்தப் பதிவை ஹாவர்காம்ப் வகுப்பில் எல்லோர் முன்னாலும் போட்டார். "அந்த நர்ஸ் நல்லாத்தான் சாப்பிடுறாங்க. மெல்லுற சத்தம்கூடத் தெளிவா கேக்குதே. ஒன் ஆராய்ச்சிக்கு அவசியம் இருக்கா?" என்றார். அந்த வாய் என்னுடையது என்று நான் சொல்லவில்லை. குனிந்து பேனா மூடியைத் தேடினேன்.

நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சாப்பிட நேரமில்லை என்று சொன்ன ஒரு நர்சை உங்கள் ஆஸ்பத்திரியில், நேரத்தை நிர்வகிக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த வகுப்பு நடந்ததே மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஷிஃப்டுக்கு ஒரு நர்சைக் குறைத்துவிட்டு, "உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று ஓய்வறைச் சுவரில் பழத்தட்டுப் படம் ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கு என் ஆய்வையும் அதற்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள், நர்சுகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், சாட்சி எர்லிண்டா என்று. உங்கள் சோற்றைத் தின்றது போதாதென்று உங்கள் பட்டினியையும் தின்று டாக்டர் ஆக எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தப் படிப்பை விட்டுவிடுவேன். பேனரை அம்மாவே கழற்றிக்கொள்ளட்டும்.

கோபமாக எழுதினாலும், பெரியவர்களை வணங்கும் நம் வழக்கப்படி உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். இன்றைய ஷிஃப்ட் நல்லபடியாகப் போக ஆண்டவர் துணையிருக்கட்டும். பெர்னடீனிடம் என் வருத்தத்தைச் சொல்லவும்.

உங்கள்,
லீசல்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உங்கள் டப்பா மூடிக்குள் வைத்து, மேலே ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டிருக்கிறேன். மதியம் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நீங்கள் சொன்னது பொய்யே இல்லை. மேலே உள்ளது முழுக்க அபாண்டம். கிழித்துப் போட்டுவிடுங்கள், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மறு பி.கு., அன்று மாலை: டப்பா வந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டது போட்டபடி இருக்கிறது. பையையும் மீறிக் கடிதத்தில் வினிகர் வாசனை. "லீசல், சாப்ட்டியா? டப்பால இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டீர்கள். சாப்பிட்டேன். மெல்லும் சத்தம் என்னுடையது என்று ஹாவர்காம்புக்கு எழுதிவிட்டேன். "அப்படியானால் அந்த நர்ஸ் எங்கே போனார்?" என்று கேட்டிருக்கிறார். நாளைக்கும் இதே கடிதத்தைத்தான் வைக்கிறேன். கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், டீட்டா? பதில் எழுதுங்கள்.