கடற்கரைக்குப் போய் மெலிந்து வந்த கதை

ஒரு பெண் எவ்வளவு குண்டாக இருக்க வேண்டும் என்பது அவளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தேழு வயதில் நான் ஒல்லிக்குச்சி. கொழும்பு வெள்ளவத்தையில் எதிர்ப்படும் அன்ரிமார் எல்லாம், "ஏன் பிள்ளை, சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்பார்கள். (நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கேட்பார்கள்.) வந்த முதல் சம்பந்தம், "பிள்ளைக்கு ஏதும் நோய் வருத்தமோ?" என்ற கேள்வியோடு திரும்பிப் போனது.

அதனால் கொட்டாஞ்சேனையிலிருந்து குமரன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா களத்தில் இறங்கிவிட்டார். எனக்கு மூன்று உள்பாவாடை, இடுப்பைச் சுற்றி ஒரு குளியல் துவாய், அதற்குமேல் கஞ்சி போட்ட பருத்திச் சேலை.

"அம்மா, மூச்சு விடேலாமல் கிடக்கு."

"கலியாணம் முடிஞ்சாப் பிறகு ஆறுதலா விடு."

குமரனின் படம் எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் தவறிவிடுமோ என்ற பயம் அம்மாவைவிட எனக்குத்தான் அதிகம். பேசாமல் வியர்த்தேன்.

குமரனோடு அவனுடைய அம்மாவும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி இங்ரிட் நோர்வேக்காரி, விடுமுறைக்கு வந்தவள். குமரனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல பூசின உடம்பு" என்று திருப்தியாக ஒரு வடையை எடுத்தார். இங்ரிட் மட்டும் வடையைத் தொடாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னையே கூட அனுப்பினார்கள்.

கடலுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். பாதியில் துவாய் நழுவிக் காலடியில் விழுந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. இங்ரிட் என்னையும் துவாயையும் சேர்த்து அந்தப் பக்கம் இழுத்தாள்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் மூச்சு முட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். உள்ளே, வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் இலாஸ்டிக் உடுப்பு! அவளுடைய ஊரில் அவள் குண்டாம். பெற்ற தாயே சொல்வாராம். என் கையைப் பிடித்து, "இப்படி ஒரு கைக்காக எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அருகிலிருந்த சாப்பாட்டுக் கடையின் கழிவறையில் இருவரும் சுமையைக் கழற்றி ஒரு பைக்குள் திணித்தோம். நிம்மதியாக ஆளுக்கொரு இறால் வடை சாப்பிட்டோம். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. (பசி தீர்ந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது.)

வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது. போனபோது பூசினாற்போல் ஒரு பெண், இறுகினாற்போல் ஒரு மருமகள். திரும்பி வந்ததோ எதிர்மாறாக.

"பிள்ளை, கடற்கரைக்குத்தானே போனனீங்கள்? அதுக்குள்ள என்னெண்டு இப்பிடி மெலிஞ்சனீ?" என்றார் குமரனின் அம்மா.

"கடல் காத்து..." என்று அம்மா ஏதோ தொடங்கினார்.

தமிழ் தெரியாத இங்ரிட்டுக்கு மாமியாரின் பார்வை புரிந்துவிட்டது. பையைத் திறந்து, வடைத் தட்டின் பக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், தொடங்காமலே முடிந்தது.

குமரனின் அம்மா இலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. "இதுக்குள்ளயோ பிள்ளை இவ்வளவு நாளும் இருந்தனீ?" என்று இங்ரிட்டின் கன்னத்தைத் தடவினார். பிறகு என் அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, உங்கட பிள்ளையை உள்ளபடியே தாங்கோ. மிச்சத்தை நாங்கள் சோறு தீத்தி ஏத்திக்கொள்ளுறம்."

குமரன் வாய்விட்டுச் சிரித்தான். நான் தரையைப் பார்த்தபடியே சம்மதித்தேன்.

மாமி சொன்னதைச் செய்தும் காட்டிவிட்டார். இப்போது என் பழைய சேலைச் சட்டை எதுவும் எனக்கு முழங்கைக்கு மேலே ஏறாது. கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாமி என்னை முன்னால் இழுத்து நிறுத்துவார்.

"தொட்டுப் பாருங்கோ, துவாய் இல்லை. எல்லாம் என்ர சமையல்."