வழிகாட்டிக்கு ஏழு அணிந்துரை

"எந்தக் காகிதத்தையும் தனியா அனுப்பப்படாதுலே, துணைக்கு ஒரு..." என்று சிவசங்கரனின் பெரியப்பா சொல்வார். தாலுகா ஆபீஸில் இருந்தவர். துணைக்கு ஒரு ஆள் என்றாரா, ஒரு முத்திரை என்றாரா என்பது சிவசங்கரனுக்கு மறந்துவிட்டது. பாதி வாழ்க்கையை வெளிநாட்டில் கழித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவருக்கு இவ்வளவு நினைவிருந்ததே பெரிது.

அது 1999ஆம் வருஷம். உலகெங்கும் பலர் சம்பளம் வாங்காமல் கூடி, கம்ப்யூட்டரை நடத்தும் மென்பொருள் ஒன்றை எழுதிவந்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையைச் சொல்லும் வழிகாட்டி அவர்களுடைய இணையதளத்தில் பல மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை. சிவசங்கரன் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தமிழாக்கி முடித்திருந்தார்.

அம்பாசமுத்திரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் மாரிசெல்வம் அதற்காகக் காத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் மட்டும் ஓடவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளைக தெனமும் வந்து பொட்டியப் பாத்துட்டுப் போவுதுவ. எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை இந்திய நேரப்படி சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேரும் மொழிகளுக்கே இடம், மற்றவை அடுத்த வருஷம் என்று நார்வேயிலிருந்து ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார்.

இந்த இடத்தில்தான் சிவசங்கரன் ஒரு நல்ல காரியம் செய்தார். பிழை பார்க்கலாமே என்று வழிகாட்டியை ஞானசம்பந்தனிடம் கொடுத்தார். ஞானசம்பந்தன் கல்வித் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். சிவசங்கரனுக்கு மாமா முறை. ஆகவே மறுத்துப் பேச முடியாதவர்.

"படிச்சுப் பாத்தீங்களா மாமா?"

"படிக்கது பொறவு. அணிந்துரை எழுதியாச்சு."

"இதுக்கு எதுக்கு மாமா அணிந்துரை? டிஸ்க்க எங்கன சொருகணும்னு சொல்லுத சமாச்சாரம்."

"அணிந்துரை இல்லாமத் தமிழ்ல ஒண்ணு வெளிய வந்தா, வேட்டி இல்லாம வந்த மாதிரிலா இருக்கும்வே!"

ஒருவரிடம் வாங்கிவிட்டு மற்றவரிடம் வாங்காவிட்டால் ஊரில் எப்படி நடமாடுவது? ஓய்வுபெற்ற நீதிபதியிடம் வாழ்த்துரை, கூட்டுறவு வங்கித் தலைவரிடம் மகிழ்வுரை என்று எல்லாமாக ஏழு சேர்ந்தன. ஒருவர், கம்ப்யூட்டர் தாமிரபரணிக் கரையில்தான் முதலில் தோன்றியது என்று நிறுவியிருந்தார். இன்னொருவர், "இக்கவிதைகள் என் உறக்கத்தைக் கெடுத்தன" என்று எழுதியிருந்தார். ஏழும் கையெழுத்தில், அச்செழுத்தில் போட்டால் மரியாதை இல்லையாம். ஒவ்வொன்றின் தலையிலும் பொன்னாடை போர்த்திய புகைப்படம்.

"அதுவரைக்கும் மாரிசெல்வத்துக்கு ஒரு நகலாவது பஸ்ல குடுத்து விடுதேன் மாமா."

"வெளியீட்டுக்கு முந்தி நகல் வெளிய போனா, முதல் பிரதி எப்படிவே முதல் பிரதியாகும்?"

இதற்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானமே தாஜ் முகம்மதுவின் இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்தார்கள். தாஜ் முகம்மது காயல்பட்டினத்துக்காரர். துபாய்ச் சம்பாத்தியத்தில் கடை போட்டவர். டெலிபோன் லைன் வழியாக அணிந்துரைகள் படம் படமாக, தவழ்ந்து தவழ்ந்து போயின.

"சார், படம் ஒவ்வொண்ணும் ஆனக்குட்டி மாதிரி இருக்கு. வழிகாட்டி சின்ன ஃபைல். அத முதல்ல விட்டா இன்ஷா அல்லா அஞ்சு நிமிஷத்துல போயிரும்," என்றார் தாஜ் முகம்மது.

சிவசங்கரன் ஆவலோடு மாமாவைப் பார்த்தார்.

"நல்லாருக்கே! மேடையில வாழ்த்துரைக்கு முன்னால சிறப்புப் பேச்சாளர எழுப்புவாகளா?" என்றார் ஞானசம்பந்தன்.

சிறப்புப் பேச்சாளர் எழும்போது சபையில் நாற்காலிகள் மட்டுமே இருக்கும் என்று சொல்ல சிவசங்கரனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மாமா முறை. விழுங்கிக்கொண்டார்.

கூட்டுறவு வங்கித் தலைவரின் பாதி மீசை போயிருக்கும்போது லைன் அறுந்தது. மறுபடியும் நெற்றியிலிருந்து தொடங்கினார்கள். ஏழாவது அணிந்துரை போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. நார்வேக்காரர் கதவைச் சாத்திவிட்டார்.

ஆக, தளத்தில் தமிழ் வந்தேவிட்டது. ஏழாவது அணிந்துரை, "வாசகர்களே, இனி வழிகாட்டிக்குள் நுழைவீர்!" என்று முடிந்தது. அதற்குக் கீழே தூய வெள்ளை. ஞானசம்பந்தன் ஏழையும் அச்செடுத்து, ஜிகினாத் தாள் சுற்றி, சனிக்கிழமை வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை நீதிபதி கையில் கொடுத்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

விழாவில் ஒரு பிரதி வாங்கிப்போன மாரிசெல்வம் மறுநாள் போன் செய்தார்.

"அண்ணாச்சி, ஏழு பேரையும் ஒரு எழுத்து விடாமப் படிச்சிட்டேன். டிஸ்க்க எங்கன சொருகணும்னு ஒருத்தருமே சொல்லலியே?"

"அது அடுத்த வருஷம்தான் வரும் மாரிசெல்வம். நகல் வேணா இன்னைக்கே அனுப்புதேன்."

"நகல் கெடக்கட்டும். அடுத்த வருஷம் எட்டாவதா என்னையும் சேத்துருங்க. போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இன்ஸ்டிடியூட்டுக்கு வெளம்பரமா இருக்கும்லா?"

திங்கட்கிழமை நார்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதத் தயாராக இருந்த சிவசங்கரன் அதைத் திறந்தார். மற்ற மொழிகளில் ஒருவர் இருவரே உழைக்க, தமிழில் மட்டும் ஏழு பங்களிப்பாளர்கள். எங்கள் பட்டியலில் இவ்வாண்டு முதலிடம் தமிழுக்கே. இத்தனை பேரை எப்படித் திரட்டினீர்கள் என்று ஒரு கட்டுரை தந்தால் எல்லா மொழிக்காரர்களும் பின்பற்றும்படி முகப்பிலேயே வெளியிடுவோம் என்று கண்டிருந்தது. எங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் பக்கங்கள் மிக அழகாக உள்ளன என்று கடைசியில் ஒரு வரி.

சிவசங்கரன் இரண்டு முறை படித்தார். கட்டுரை எழுதுவது என்றும், அதற்கு ஞானசம்பந்தனிடம் அணிந்துரை வாங்குவது என்றும் முடிவு செய்தார்.