கட்டிலைப் பற்றி ஒரு கேள்வி, நான்கு விடைகள்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இல்லை, கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ கேட்கவில்லை, தெரியும். பதினோரு மாதமாக நீ எதையுமே கேட்கவில்லை. நானும்தான். ஆனாலும் கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஆகவே: நான் நலம். நீயும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். உன் ஆய்வகத்து நுண்ணோக்கியும் நலமாக இருக்கட்டும். மரியாதை முடிந்தது.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, நீ வர வேண்டியதில்லை, நானும் வரப்போவதில்லை என்று தெரிவிப்பது. ஒரு வரியில் முடிந்திருக்கும். நடுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள்.

என் வேலை உனக்குத் தெரியும். "நாள் பூரா பெட்டி வரையறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று சிரித்தவள்தானே. கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. மூன்று மேசை. ஆசிரியர்கள் இணையத்தில் பாடம் அமைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்கிறோம். திரையில் ஒரு பெட்டி: வாசி. அதிலிருந்து ஓர் அம்பு. அடுத்த பெட்டி: கேள்வி. இன்னோர் அம்பு. அடுத்தது: கூடிப் பேசு. நடுவில் வேண்டுமானால் ஒரு கதவு வைக்கலாம். சரியான விடை சொன்னவருக்கு மட்டும் திறக்கும். இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் ஒரு செய்தி மடல் போகும். தொகுப்பது நான். யார் புதிதாகச் சேர்ந்தார், எந்தப் பொத்தான் இடம் மாறியது, யார் செய்த பாடம் நன்றாக வந்திருக்கிறது. ஊர்ச் செய்தி மாதிரிதான். ஊர் மட்டும் இல்லை.

போன மாதம் கதவில் கோளாறு. நிரல் எழுதுபவர் சரிசெய்தார். (வாயே திறக்கமாட்டார். அதனால் அவருக்கு வானொலி என்று பெயர் வைத்திருக்கிறேன்.) "சும்மா ஒரு பாடம் போட்டு, கதவு ஒழுங்கா மூடுதான்னு பாரும்மா" என்றார் மேலாளர். சும்மா ஒரு பாடம். மதியம் மூன்று மணி. மழை வருவதுபோல் இருந்து, வரவில்லை. எனக்குத் தோன்றிய பாடம் ஒன்றே ஒன்றுதான்.

முதல் பெட்டியில், வாசிக்க ஒரு பத்தி. ஓர் அக்காவும் தங்கையும் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தார்கள், இரண்டு கட்டில், நடுவில் கை நீட்டினால் எட்டுகிற தூரம், அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, ஒரு மாதத்தில் உன்னையும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனாள், மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் "என் கட்டில யாருக்காவது குடுத்துடுடி" என்றாள், தங்கை "உன் கட்டில நீயே வந்து தூக்கிட்டுப் போ" என்றாள், அக்கா "சரி, வை" என்றாள், தங்கை வைத்தாள்.

இரண்டாம் பெட்டியில் கேள்வி. கட்டிலைக் கொடுத்துவிடு என்றபோது அக்கா சொல்லவந்தது என்ன? அ) கட்டில் இடத்தை அடைக்கிறது. ஆ) நான் இனி வரமாட்டேன். இ) காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. ஈ) யோசிக்காமல் சொன்னாள்.

சரியான விடை என்று ஆ-வைக் குறித்தேன். அ, நியாயமான சந்தேகம். ஈ, உன் சுபாவம். இ மட்டும் இடத்தை நிரப்ப எழுதியது. நான்கு விடை இல்லாமல் எங்கள் மென்பொருள் கேள்வியைச் சேமிக்காது.

கதவு ஒழுங்காக மூடியது. வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மடலை அனுப்பினேன். 'இந்த மாதத்தின் பாடம்' என்ற தலைப்பில் மழைநீர் ஆவியாகி மேகமாகிற பாடம் ஒன்றை இணைத்திருந்தேன். இணைத்ததாக நினைத்திருந்தேன். என் கோப்புகளுக்கு 'மாதிரி', 'மாதிரி புதியது', 'மாதிரி உண்மையிலேயே புதியது' என்றுதான் பெயர். மேகத்துக்குப் பதில் நீ போய்விட்டாய்.

யாராவது ஒருவர் வகுப்புக்கு முன்னால் பிரித்துப் பார்த்திருந்தால் பரவாயில்லை, எங்கள் ஆசிரியர்களுக்கு எங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை, ஒரு வேதியியல் ஆசிரியர் நீராவியைப் பற்றிப் பேசத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குள் போய், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் பாடத்தைத் திறந்துவிட்டாராம், முப்பத்தொரு பேர் இ-யைத் தேர்ந்திருக்கிறார்கள், கதவு திறக்கவில்லை, மறுபடி இ, மறுபடி மூடல், மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம், அடுத்த வகுப்பு வாசலில் நின்றதாம், ஓய்வுபெற்றும் ஓயாத கணித ஆசிரியர் ஒருவர் 'விடைக்குறிப்பில் பிழை உள்ளது, ஆ-வுக்கு ஆதாரமே தரப்படவில்லை' என்று முத்திரை வைத்த தாளில் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்பினார், செவிலியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவி 'காலிக் கட்டிலைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எங்களைக் கேளுங்கள்' என்று ஒரே வரி எழுதினாள், அதை மட்டும் நான் இரண்டு முறை வாசித்தேன், அதற்குள் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

வேதியியல் ஆசிரியர்தான்.

"மேடம், எல்லாம் நல்லா படிக்கிற பசங்க. உங்க சாப்ட்வேர் மொத்தப் பேரையும் தப்புன்னு சொல்லுது."

"சரியாத்தான் சொல்லுது சார்."

"அதெப்படிம்மா? அந்த அக்காவக் கேட்டீங்களா?"

நான் அவருக்கு நன்றி சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் வானொலி தன் திரையை என் பக்கம் திருப்பினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். இ: முந்நூற்று ஒன்பது. "நானும் இ-தாங்க போட்டேன்" என்றார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

மேலாளர் எழுந்து வந்தார். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. எந்த மடலுக்கும் இத்தனை பதில் வந்ததில்லை.

"விடைய மாத்திட்டு, அடுத்த மடல்ல ஒரு திருத்தம் போட்டுடும்மா."

"மாத்த முடியாது சார்."

"ஏன், பட்டன் வேல செய்யலையா?"

"செய்யுது சார்."

"அப்புறம் என்ன?"

நான் என் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தன் மேசைக்குப் போய், ஏற்கெனவே கூர்மையாக இருந்த ஒரு பென்சிலைச் சீவினார்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டிலில் துவைத்த துணியைப் போடுகிறேன். மடித்து எடுத்துவிடுகிறேன். இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை. நேற்று அலுவலகத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். பிறகு படுத்தும் பார்த்தேன். உன் இடத்திலிருந்து ஜன்னல் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. என் தலையணைதான் தெரிகிறது. ஆறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டா தூங்கினாய்? ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "எனக்கு வெளிச்சம் ஆகாதுடி" என்றாய். உனக்கு வெளிச்சம் ஆகும். உன் வேலையே வெளிச்சத்தில்தான்.

இதெல்லாம் ஆதாரம் ஆகாது. அந்த முந்நூற்று ஒன்பது பேரும் உன்னைப் பார்த்ததில்லை. உன் குரலைக் கேட்டதில்லை. "சரி, வை" என்று நீ சொன்ன விதத்தை அவர்கள் கேட்டிருந்தால் ஆ-வைத்தான் தேர்ந்திருப்பார்கள். அல்லது அதற்கு முன்னால் நான் கத்தியதையும் கேட்டிருந்தால், தெரியவில்லை. எப்படியானாலும் விடையை மாற்றுவதாக இல்லை. நீ உன் வேலையைப் பார். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன், பழகிவிட்டது.

உன் பக்கத்து மேசைக்காரருக்கும், நீ சாப்பிட்டாயா என்று அங்கே கேட்பவர் யாராவது இருந்தால் அவருக்கும் என் அன்பைச் சொல். ஆசீர்வாதம் மூத்தவளிடமிருந்து வர வேண்டியது. மெதுவாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வாசி. பழகவில்லை. மேலாளரிடம் மூன்று நாள் விடுப்புக் கேட்டேன். "அந்தத் திருத்தம்?" என்றார். "கேட்டுட்டு வந்து போடறேன் சார்" என்றேன். யாரை என்று அவர் கேட்கவில்லை. தபால் பெட்டி வரைக்கும் போய், கடிதத்தைப் போடாமல், நானே உன் கையில் தரலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டு, நேராகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். வியாழக்கிழமை காலை ஏழேகால் வண்டியில் உன் ஊருக்கு ஓர் இடம் பதிவு செய்தேன்.