ஊர்வல லாரியில் கைகோத்து நின்ற கதை

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடைக்குட்டித் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் இவளும் நலம். என் இடுப்பும் முழங்காலும் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊரில் நடந்த நூற்றாண்டு விழாவுக்கு வரமுடியவில்லையே என்று அவ்வளவு வருத்தப்பட்டாய். வராமல் போனது நீ செய்த புண்ணியம். நடந்ததைப் போனில் சொல்லலாம் என்றால் இவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

மெயின் ரோடு போட்டு நூறு வருஷம் ஆகிறதாம். அதற்கு ஒரு ஊர்வலம். முதல் தபால் ஆபீஸ், பெருவெள்ளம், முதல் பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி. இந்தத் தெருவைக் கயிறு பிடித்து அளந்தவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர், அதுதான் நம் மருந்துக்கடைக்காரர், அந்த வேஷத்துக்கு ஊரெல்லாம் ஆள் தேடி, கடைசியில் என் கடை வாசலில் வந்து நின்றார். "உங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்றார். மூக்கு ஒன்றுதான். ஆனால் முகம் கொடுத்துப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று ஊருக்கே தெரியுமே.

அப்பாவின் செருப்புக் கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியபோது, ஆண்கள் செருப்பு அவருக்கு, பெண்கள், குழந்தைகள் செருப்பு எனக்கு என்று பிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புருஷனும் பெண்டாட்டியுமாக வருகிறவர்கள் இரண்டு கடைக்கும் ஏறி இறங்கி அலுத்துப்போகிறார்கள், போகட்டும். ஆனால் பெயர்ப் பலகையையும் ரம்பம் வைத்து அறுத்தாரே அக்கா, அதில் அப்பா பெயர் அவர் பக்கம் போய், 'மற்றும் மகன்கள்' என் பக்கம் நின்றது. இன்றுவரை என் கடைக்கு அதுதான் பெயர். யாருடைய மகன்கள் என்று கேட்காத ஆள் இல்லை. அன்றோடு அவர் எனக்கு அண்ணன் இல்லை, பக்கத்துக் கடைக்காரர். இந்தக் கடிதத்திலும் அப்படியே.

முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், இவள் உள்ளேயிருந்து வந்து, இவர் வருவார், தாடி மட்டும் அரிக்காததாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். பக்கத்துக் கடையில் அண்ணியும் கிட்டத்தட்ட அதையே சொன்னாளாம். இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம். எங்களுக்குத்தானே சண்டை, அவர்களுக்கு என்ன.

கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கோட்டு, பசை போட்டு ஒட்டிய தாடி, லாரி மேல் காகித மரம். என் கையில் ஒரு முளைக்குச்சி, அவர் கையில் கயிற்றுச் சுருள். மிச்சமிருந்த ஆளுக்கொரு கையைக் கோத்துவிட்டு, கடைசிவரை விடக்கூடாது என்று நாடக வாத்தியார் சொல்லிப் போய்விட்டார். செத்த எலியை வாலால் தூக்குகிற மாதிரி நான் இரண்டு விரலால் பிடித்தேன். அவரும் அப்படித்தான் பிடித்தார்.

முதல் பஸ்ஸாக வந்தது நிஜமாகவே அந்தக் காலத்துப் பஸ். எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அது நடுத்தெருவில் உயிரை விட்டுவிட்டது. எங்கள் லாரி நின்ற இடம் எது தெரியுமா, எங்கள் இரண்டு கடைக்கும் நேர் எதிரே. பின்னால் பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதையே திருப்பித் திருப்பி வாசித்தார்கள். ஜனம் ஊர்வலத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டது. எதிர்க் கடைத் தையல்காரர், இறங்குவதற்குள் ராசியாகிவிடுங்கள் என்று மாடியிலிருந்து கத்தினார். மருந்துக்கடைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் ஒற்றுமையைப் பற்றி ஆரம்பித்தார். என் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. சொறிந்துகொள்ளக் கை இல்லை.

அப்போதுதான் அவர் கை நடுங்குவது தெரிந்தது. ஆத்திரத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பாமல், தாடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்.

"இறுக்கிப் பிடிடா. விட்டா விழுந்துடுவேன்."

"என்ன ஆச்சு?"

"போன மழைக்காலத்திலேருந்து இப்படித்தான். முதல்ல கை. இப்போ காலும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாத."

இந்த வருஷம் பூராவும் அவர் வாடிக்கையாளருக்குக் குனிந்து லேஸ் கட்டுவதில்லை, நீயே போட்டுக்கொள் என்கிறார், தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவே பேசியது அக்கா. நானும் நம்பினேன்.

குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அவர் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டேன். தெரு முழுக்கக் கைதட்டியது. மருந்துக்கடைக்காரர் மைக்கிலேயே அழுதுவிட்டார். பஸ்ஸைத் தள்ளி ஓரங்கட்டி, லாரி தெருக்கோடி போய்ச் சேரும்வரை அவர் பாரம் முழுவதும் என்மேல்தான். என் இடுப்பு அங்கே போனதுதான். இறங்கும்போது என் தோளைப் பிடித்து இறங்கினார், தன் வழியே போய்விட்டார். மறுநாள் பேப்பரில் கட்டிப்பிடித்த படம், பிரிந்த சகோதரர்கள் இணைந்தார்கள் என்று செய்தி.

நீ அதை நம்பாதே. விழப்போகிறவனைப் பிடிப்பது வேறு, உறவு வேறு. இன்று காலையும் அவர் தன் ஷட்டரைத் தூக்கினார், நான் என் ஷட்டரைத் தூக்கினேன், ஒரு வார்த்தை இல்லை. இனிமேலும் இருக்காது. அவர் பாடு அவருக்கு, என் பாடு எனக்கு. எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானம் ஆகவும் தெம்பில்லை.

அத்தானின் இருமலை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் வெயிலில் நிற்கவேண்டாத உத்தியோகம் பார்த்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன் என்று மத்தியானம் சொல்லி அனுப்பியிருந்தேன், வரமாட்டேன் என்று சண்டை போடத்தான் வந்திருக்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே போடுகிறார். இவள் ஒன்றும் கேட்காமல் பரிமாறுகிறாள். என் பேச்சு எடுபடாது, நீ வந்து அதட்டினால் கேட்பார். எந்தத் தம்பி வீட்டில் இறங்குவது என்று வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டில் நின்று யோசிக்காதே, நேரே இங்கே வா, அவரும் இங்கேதான் இருப்பார். அண்ணியிடம் மட்டும் நீதான் சொல்லவேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை அக்கா.