பேசி முடிச்சா ஓவர் சொல்லணும்

"விண்வெளி வீரர் யாருமே கிடைக்கலையே, சார்!" என்று நளினி டீச்சர் ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றபோது, கிளார்க் தசரதன் ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி மை மேஜைக்குப் போயிற்று.

விஷயம் இதுதான். பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசும் அதிர்ஷ்டம், கேஜிஎஃப் தங்கச் சுரங்க ஊரில் மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கும் அந்தப் பள்ளிக்கு எப்படியோ அடித்துவிட்டது. நிலையம் தலைக்கு மேலே கடந்து போகும் பத்து நிமிஷத்துக்குள் பிள்ளைகள் கேள்விகளைக் கேட்டு முடிக்கவேண்டும். அதற்கு ஒத்திகை வேண்டுமே! கேள்வி கேட்க வரிசையே நிற்கிறது. வீரராக நடித்துப் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

"மத்த சாருங்கல்லாம் சாயங்காலமானா வூட்டுக்கு ஓடணும்ங்கறாங்க. உங்களுக்குத்தான் வூட்ல யாரும் காத்துக்கினு இல்லையே?"

டீச்சர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். தசரதனுக்குத்தான் சுருக்கென்றது.

நிஜம்தானே! மகளின் பிரசவத்துக்கென்று மனைவி ஜெயம்மா பெங்களூர் போனாள். "மூணே மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது. தினமும் போன் மட்டும் தவறாமல் வரும். "கேஸை மூடினீங்களா? மோட்டரை நிறுத்தினீங்களா?" அவ்வளவுதான். இவர் "ரெண்டு நாளா முட்டி வலி..." என்று இழுப்பதற்குள் அங்கே குழந்தை அழும். போன் கட்.

ஆக, தசரதன் விண்வெளி வீரரானார். ஹால் மேடைத் திரைக்குப் பின்னால் அவர், முன்னால் பிள்ளைகள்.

ரேடியோவைக் கொண்டுவந்த லாய்ட் ஒரு பென்ஷன்காரர், ரேடியோ பைத்தியம். அவர்தான் முறையைச் சொல்லிக்கொடுத்தார். "ஒருத்தன் பேசி முடிச்சு ஓவர் சொல்ற வரைக்கும் அடுத்தவன் வாயத் தொறக்கக் கூடாது, மேன்."

தசரதன் அசந்துபோனார். இப்படியும் ஓர் ஏற்பாடா உலகத்தில்! முட்டி வலியை முழுசாகச் சொல்லிவிட்டு, ஆற அமர ஓவர் சொல்லலாமே! இதை ஜெயம்மாவுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.

ஒத்திகை ஆரம்பித்தது.

"உங்களுக்கு மேல எந்த ஷிஃப்ட், சார்? ஓவர்" என்றான் பரத்.

"நமக்கு எப்பவுமே ஜெனரல் ஷிஃப்ட்தான். ஓவர்."

"இன்னா சார் சாப்ட்டீங்க? ஓவர்."

"நேத்து வச்ச ரசம். ஓவர்."

"தனியா கீறது கஷ்டமா, சார்? ஓவர்" என்றாள் ஸ்வப்னா.

திரைக்குப் பின்னாலிருந்து "பாட்டு போட்டுக்கினுதான் சாப்புடுவேன், கண்ணு. வூட்ல ஒரு கொரலு கேக்கணுமில்ல..." என்று ஆரம்பித்தவர், மணி அடித்த பிறகும் ஓவர் சொல்லவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நளினி டீச்சர் திரையை விலக்கித் தலையில் அடித்துக்கொண்டார். "சார்! விண்வெளி வீரர் நேத்து ரசம் சாப்புடுவாரா? நான் எழுதித் தர்றத மட்டும் படிங்க, போதும்."

மறுநாளிலிருந்து, "ஆராய்ச்சியில் மும்முரமாக இருப்பதால் எங்களுக்குத் தனிமை தெரிவதில்லை, ஓவர்" என்று தசரதன் ஒப்பித்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

நிஜமான நாளும் வந்தது. கோலாரிலிருந்து வந்த கல்வி அதிகாரி முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஹால் நிரம்பி வழிந்தது. அந்த நேரம் பார்த்து, மொட்டை மாடியில் நிலையம் போகும் திசைக்கு ஏரியலைத் திருப்பும் மோட்டர் உயிரை விட்டது. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைட் மேட்டுத் தூசி எதைத்தான் விட்டுவைத்தது!

"ஏரியலை நான் கையாலயே திருப்பறேன்" என்று சின்ன ரேடியோ ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லாய்ட் மாடிக்கு ஓடினார். ஓடும்போதே, "தசரதன், இந்த மைக்கைப் புடி. பசங்க பேசறப்போ பட்டனை அழுத்து, பேசறது மேல போவும். ஓவர்னதும் விடு, விட்டாத்தான் அவங்க கொரலு கேக்கும். மறந்துடாத, மேன்!" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து தசரதன் நீட்டிய மைக்கில் பரத் இங்கிலீஷில் முதல் கேள்வியைக் கேட்டான். தசரதன் பட்டனை விட்டார். வெறும் கரகரப்பு. மறுபடி கேட்டான். மறுபடியும் கரகரப்பு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பரத்தின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது.

நளினி டீச்சர் திரைக்குள் தலையை நீட்டினார். "சார், உங்க கால்ல வுழறேன், நீங்களே பேசிடுங்க!" என்று ஹால் ஸ்பீக்கரின் மைக்கை அவருடைய இன்னொரு கையில் திணித்தார்.

தசரதன், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு மைக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷுக்குப் பஞ்சமில்லை, துரைமார் போன பிறகும் கேஜிஎஃபில் தங்கிவிட்ட சொத்து அது. குரலைப் பற்றியும் கவலையில்லை. அந்த ஸ்பீக்கரில் யார் பேசினாலும் விண்வெளியிலிருந்து பேசுவதுபோலத்தான் இருக்கும்.

கேள்விகள் வந்தன. எழுதிக் கொடுத்ததைப் படித்தார். கைதட்டல். கடைசியில் ஸ்வப்னா வந்தாள். "தனியாக இருப்பது கஷ்டமா, சார்? ஓவர்."

எழுதிக் கொடுத்ததுதான் கண்ணெதிரே இருந்தது. ஆனால் வாய் கேட்கவில்லை.

"கஷ்டம்தான், அம்மா" என்றார் இங்கிலீஷில். "டம்ளர் ரெண்டு எடுத்து வைத்துவிடுகிறேன், பழக்க தோஷம். ஒன்றைத் திருப்பி வைக்கும்போது என்னவோ செய்கிறது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேஸை மூடியாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று நீதான் கேட்டாய். ஓவர்."

"விண்வெளில ஏதும்மா கேஸ்?" என்று அதிகாரி, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த டீச்சரிடம் குனிந்து கேட்டார்.

"ஆக்சிஜன் கேஸ், சார்" என்றார் நளினி டீச்சர்.

அதிகாரி கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார். ஹாலே எழுந்தது. தசரதன் வியர்த்த கைகளிலிருந்து இரண்டு மைக்கையும் கீழே வைத்தார். ரேடியோவில் ஏதோ கரகரத்தது. அந்தக் கைதட்டலில் யாருக்குக் கேட்கும்?

கூட்டம் கலைந்ததும், "மானத்தைக் காப்பாத்துனீங்க, சார்" என்று நளினி டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரை ஏமாற்றிவிட்டோமே என்று தசரதனுக்கு உறுத்தியது. ஆனாலும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

லாய்ட் மூச்சிரைக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏரியல் அப்பவே சரியாயிடுச்சு, மேன்! நீதான் பட்டனை விடவே இல்ல. நீ பேசுனது மொத்தமும் மேல போயிடுச்சு."

நளினி டீச்சர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேல கீறவரு... கேட்டாரா?" என்றார் தசரதன்.

"ஒண்ணு வுடாம. கடைசில நீ கையை எடுத்ததும் அவரு பேசுனாரு. என் ரேடியோவுலதான் கேட்டுது."

"இன்னா சொன்னாரு? திட்டுனாரா?"

லாய்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"'இங்க நாங்க ஏழு பேர் இருக்கோம். நீங்க எந்த ஸ்டேஷன்ல இவ்ளோ தனியா இருக்கீங்க? ஓவர்'னாரு."