குதிரைக்கு நீர்க்கடுப்பு

ஜானுசாக் ஒரு முடிவுக்கு வந்தார். உயிரே போனாலும் சரி, இந்த விஷயம் மனைவி பெர்மெத் காதுக்குப் போகக் கூடாது.

விஷயம் இதுதான். மேய்ச்சல் வெளியில் நாலு இளவட்டங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் குதிரை விளையாட்டில் இந்தப் பள்ளத்தாக்கையே கலக்கியவர் அவர். அங்கவடியில் கால் வைக்காமல், ஒரே தாவலில் குதிரை ஏறிக் காட்டினார். தாவியதில் குறையே இல்லை. ஆனால் குதிரை ஓர் எட்டுப் பின்னால் வந்துவிட்டது. சேணத்தின் முன்பக்கக் கட்டைமேல், காலை விரித்தபடி போய் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இளவட்டங்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போனார். நெருப்பாக எரிந்தது.

"ஏங்க, எதுக்கு நின்னுக்கிட்டே டீ குடிக்கிறீங்க?" என்றாள் பெர்மெத், மாவு பிசைந்துகொண்டே.

"கவலைதான். தோருவுக்கு உடம்பு சரியில்ல." தோரு அவருடைய குதிரை.

"என்ன அதுக்கு?"

"வேலி தாண்டுறப்போ கட்டையில அடிபட்டுடுச்சு. ரெண்டு காலுக்கு நடுவுல. மூத்திரம் போனா எரியுது."

"எரியுதுன்னு உங்ககிட்டச் சொல்லுச்சா?"

"மூஞ்சியைச் சுளிச்சுது."

பெர்மெத் கையைத் துடைத்துக்கொண்டு ஊர் நர்ஸ் ரக்கியாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"குதிரைக்கு எங்கிட்டக் கேக்குறியே? நான் மனுஷங்களுக்குத்தானே பாக்குறேன்!" என்றாள் ரக்கியா.

"மனுஷனா இருந்தா என்ன சொல்லுவீங்களோ, அதைச் சொல்லுங்கக்கா."

"நீர் தாராளமாப் பிரியுதா? ரத்தம் வருதா?"

பெர்மெத் புருஷனைப் பார்த்தாள். பிரிகிறது, ரத்தம் இல்லை என்று அவர் தலையாலேயே சொன்னார்.

"அப்ப சவாரியை விடணும். பேசாமப் படுத்துக்கணும். நிறையத் தண்ணி குடிக்கணும். ஐஸைத் துணியில சுத்தி அப்பப்போ கொஞ்ச நேரம் வைக்கணும், வெறும் தோல்மேல வைக்கக் கூடாது. ஆனா ஒண்ணு. ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும், நீர் அடைச்சாலும், வீங்கிக் கறுத்தாலும், காய்ச்சல் அடிச்சாலும், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. பொண்டாட்டி பிரிஞ்சாக்கூடச் சமாளிச்சுடலாம். நீர் பிரியலைன்னா சமாளிக்க முடியாது."

பெர்மெத் ஐஸ்பெட்டியிலிருந்து உறைந்த ஆட்டுக்கறி ஒரு கட்டியை எடுத்துத் துண்டில் சுற்றினாள். ஒரு ஜாடித் தண்ணீரும் கொடுத்தாள்.

"குதிரைக்கு வெச்சுட்டு வாங்க."

ஜானுசாக் லாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வைக்கோலில் சாய்ந்து, கறியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார். தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். தோரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தப் பக்கம் திரும்பேன்," என்றார்.

அது திரும்பவில்லை.

காலையில் ஜானுசாக்கின் உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். அங்கே இருப்பது பெண் டாக்டர். பள்ளத்தாக்கையே கலக்கியவர் அங்கே போய் எதை அவிழ்ப்பது, எதைச் சொல்வது?

"பெர்மெத், தோருவுக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கு. வேற மருந்து உண்டான்னு ரக்கியாகிட்டக் கேளேன்."

பெர்மெத் போனைக் காதில் வைத்தாள். "தம்பி, கத்தியைத் தீட்டிக்கிட்டு உடனே வா. ஆமா, தோருதான். இனிமே சவாரிக்கு ஆகாது, கறிக்கு ஆகும். குளிருக்கு முன்னாடி குடல்ல அடைச்சுத் தொத்திறைச்சி போட்டுடலாம். பாதி உனக்கு."

ஜானுசாக் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. குட்டியிலேயே தாய் செத்துப்போக, புட்டிப்பால் கொடுத்து அவர் வளர்த்த குதிரை அது.

"வேண்டாம்! குதிரைக்கு ஒண்ணுமில்ல!"

"அப்ப ரத்தம் யாருக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"எனக்கு."

"எதிர்வீட்டு வண்டி வாசல்ல நிக்குது. குல்லாவை எடுத்துக்குங்க."

டாக்டரம்மாவுக்கு ஜானுசாக்கின் மகளைவிடச் சின்ன வயது. சளிக்காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தாள். மூத்திரத்தைச் சோதித்தாள். சாயமருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தாள்.

"மூத்திரக் குழாய் கிழியல. உள்ள லேசாச் சிராய்ப்பு. கிழிஞ்சிருந்தா தழும்பு விழுந்து வழியே சுருங்கிப்போயிருக்கும். வெட்கப்பட்டு நாள் கடத்திட்டு வர்றவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம். ரத்தம் பார்த்த அன்னைக்கே வந்தீங்களே, நல்ல காரியம்."

நல்ல காரியம் செய்தவர் போல ஜானுசாக் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலித்தது. மறுபடி சாய்ந்தார்.

"மறுபடி வந்து காட்டுற வரைக்கும் குதிரை ஏறக் கூடாது. வீட்டம்மாவும் அதுவரைக்கும் தனியாப் படுக்கட்டும்."

"இதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வரணுமாம்மா?" என்றாள் பெர்மெத்.

திரும்பும்போது ஜானுசாக் மடித்த கம்பளிமேல் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, உன் தம்பி! கத்தியோட வந்திருப்பானே!"

"அவன் எதுக்கு வரான்? நான் நம்பரே போடல."

ஜானுசாக் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப உனக்கு எப்பத்தான் தெரியும்?"

"நேத்து நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே வாசல்ல நுழைஞ்சீங்க," என்றாள் பெர்மெத். "குதிரை நேராத்தான் நடந்து வந்துச்சு."